அசெட்டோனில் இறங்கிய இஞ்சி

அன்று காலை லிஜிக்குப் புட்டு தொண்டையில் இறங்கவில்லை. கடலைக் கறியோடு பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பேசில், தன் தட்டைக் காலி செய்துவிட்டு அவள் தட்டுக்குக் கையை நீட்டினான்.

"சாப்பிடலைன்னா இங்க தள்ளு. அசெட்டோன் ஓடப்போறது ப்ளாண்ட்ல. உன் வயித்துலயா ஓடப்போகுது?"

"விளையாடாதீங்க இச்சாயா. உள்ளங்கை வேர்த்துக்கிட்டே இருக்கு எனக்கு."

"உன் யோசனைதானே இது? நல்லா வந்தா பேர் உனக்கு. கெட்டுப்போனா திட்டு எனக்கு. உனக்கென்ன கவலை?"

அதுதான் அவள் கவலை. யோசனை அவளுடையது. அதை ஓட்டிப் பார்க்கப்போகும் தொட்டிக்கு அடியில் நிற்கப்போவது அவன்.

இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனிதான். மூவாற்றுப்புழா போகிற ரோட்டில், ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. சுக்கு, மிளகு, மிளகாய் எல்லாவற்றிலிருந்தும் சத்தை மட்டும் இறக்கி, குழம்பு மாதிரி டிரம்மில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். லிஜி லேபில் கெமிஸ்ட். பேசில் ப்ளாண்டில் ஷிப்ட் பொறுப்பு. ஆரம்பத்தில் செண்டுமல்லிப் பூவிலிருந்து மஞ்சள் நிறம் எடுக்கக் கட்டிய ப்ளாண்ட் அது. அதற்கு ஹெக்சேன்தான் தோது. பெட்ரோல் சாதியைச் சேர்ந்த திரவம் அது. பூவை முடித்து சுக்குக்கு வந்தபோதும் அதே ஹெக்சேனையே ஊற்றினார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

கேள்வி ஜெர்மனியிலிருந்து வந்தது. தொண்டை மிட்டாய் செய்கிற ஒருத்தர், சாம்பிளை நக்கிப் பார்த்துவிட்டு, "மணம் இருக்கிறது, காரம் எங்கே?" என்று கேட்டிருந்தார்.

லிஜி உட்கார்ந்து பார்த்தாள். ஒரே சுக்குப் பொடியைப் பங்கு போட்டு, ஒரு பங்கை ஹெக்சேனிலும், இன்னொன்றைச் சாராயத்திலும், மற்றொன்றை நெயில் பாலிஷை அழிக்கிற அசெட்டோனிலும் ஊறவைத்து இறக்கினாள். ஹெக்சேனில் இறங்கியது பொன் நிறத்தில் தெளிவாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் இஞ்சித் தோட்டமே வந்து நிற்கும். நாக்கில் வைத்தால் ஒன்றுமில்லை. எண்ணெய்ச் சத்தை வாரிக்கொண்டு வருகிற ஹெக்சேனுக்குக் காரத்தைப் பிடித்து இழுக்கத் தெம்பு போதவில்லை. சாராயம் காரத்தை இழுத்தது, கூடவே சர்க்கரையையும் பிசினையும் இழுத்துவந்தது. காய்ச்சினால் வெல்லப்பாகு மாதிரிக் குடுவையில் ஒட்டிக்கொண்டு சுரண்ட வேண்டியிருந்தது. அசெட்டோனில் வந்ததுதான் கெட்டியாக, கரும்பழுப்பாக, வேண்டாததை அதிகம் சேர்க்காமல் வந்தது. ஈர்க்குச்சி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். காது வரை எரிந்தது. லேபில் உதவியாக இருக்கும் ரசியா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் மாமியார் வாய் மாதிரி இருக்கு சேச்சி" என்றாள்.

அவிராச்சன் முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. ப்ளாண்ட் மேனேஜர் சுகுணன் சாருக்குத்தான் பிடிக்கவில்லை.

"இது ஹெக்சேனுக்குப் பழகின ப்ளாண்ட் முதலாளி. மாத்தினா நூறு தொல்லை வரும்."

"முக்கியமா ரப்பர் சார்" என்றாள் லிஜி. "கதவு, ஜாயிண்ட் எல்லாத்துலயும் இருக்கறது ஹெக்சேனைத் தாங்கற ரப்பர். அசெட்டோன்ல அது ஊதிப்போயிடும். வேற ரகம் போடணும்."

"அது எனக்குத் தெரியாதாம்மா? நீ உன் குடுவையைப் பாத்துக்கோ."

பிறகு ஒரு தரம் கேன்டீனில் வைத்துக் கேட்டாள், ரப்பர் மாற்றியாயிற்றா என்று. "குழாய் ஜாயிண்ட்டுக்கெல்லாம் டெஃப்லான் வந்தாச்சு. பெரிய கதவுக்குப் புது ரப்பர் ஷீட் வாங்கி ஃபிட்டர் ஜோய் வெட்டிப் போட்டுட்டான். போதுமா?" என்றார். அவரோடு சேர்ந்து சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குமேல் அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் மனசு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

தொட்டியில் ஓட்டிப் பார்க்கிற நாள் என்று தெரிந்தோ என்னவோ, மழை காலையிலிருந்தே விட்டிருந்தது. காற்று அசையவில்லை. ஜெர்மன்காரர் கொச்சியிலிருந்து காரில் வந்து இறங்கினார். சந்தனம் பூசி வரவேற்கிற அளவுக்கு முதலாளி குதூகலமாக இருந்தார்.

ப்ளாண்டில் இருப்பது இரண்டு மாடி உயர எஃகுத் தொட்டி. மேலே வாய் வழியாகச் சுக்கு நொறுக்கைக் கொட்டுவார்கள். அதன்மேல் திரவத்தை விட்டு வெதுவெதுப்பாக ஊறவைப்பார்கள். சத்து இறங்கிய திரவம் அடியில் ஒரு குழாய் வழியாக வெளியே போகும். சக்கையைத் தள்ள அடியில் வட்டமாக ஒரு பெரிய கதவு. போல்ட் போட்டு இறுக்கிய அந்தக் கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அத்தனை அசெட்டோனும் அந்த வளையத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

முதல் சாம்பிள் மேலே லேபுக்கு வந்தது. லிஜி அதைக் காய்ச்சி, ஒட்டியிருந்த அசெட்டோனையெல்லாம் போக்கி, தட்டில் வைத்து மீட்டிங் ரூமுக்குக் கொண்டுபோனாள்.  ஜெர்மன்காரர் ஈர்க்கால் தொட்டு நாக்கில் வைத்தார். முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கழுத்து சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். முதலாளி சுகுணன் சாரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா சார்? நம்ம பொண்ணு சொன்னா சொன்னதுதான்!"

லிஜி லேபுக்குத் திரும்பி, ரசியாவின் ஃப்ளாஸ்கிலிருந்து பால் விடாத கட்டன் சாயா ஊற்றிக்கொண்டு, முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"சேச்சி, இந்த மூடி ஏற மாட்டேங்குது."

ரசியா சாம்பிள் பாட்டிலை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தாள். ப்ளாண்டிலிருந்து சாம்பிள் வந்த கண்ணாடி பாட்டில். காலையில் நன்றாக மூடியிருந்த மூடி, இப்போது மரை பிடிக்காமல் வழுக்கியது.

"கோணலா வச்சிருப்பே. குடு இங்க."

லிஜி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மூடிக்குள் இருந்த கறுப்பு வாஷர் ஊதி, விளிம்புக்கு வெளியே பிதுங்கி நின்றது. விரலால் அழுத்தினாள். தண்ணீரில் ஊறிய பன்னைப் போல அமுங்கியது. நகம் உள்ளே போனது.

"ரசியா, இந்த வாஷர் ஏது?"

"பழசெல்லாம் பிஞ்சு போச்சுன்னு நான்தான் ஜோய் சேட்டன்கிட்ட கேட்டேன். நேத்து வெட்டிக் குடுத்தாரு."

"எதுல வெட்டினாரு?"

"கீழ பெரிய கதவுக்குப் புது ஷீட்ல வெட்டினாராம். அதுல மிஞ்சின துண்டுன்னாரு. ஏன் சேச்சி, மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது?"

சாயா கிளாஸ் மேசையில் சாய்ந்ததைக்கூட லிஜி பார்க்கவில்லை. ப்ளாண்ட் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் ஜெர்மன்காரருக்குத் தொட்டியைச் சுற்றிக் காட்டப் போயிருப்பார்கள். வாஷரைக் கையில் பொத்திக்கொண்டு ஓடினாள்.

ஓடும்போதே புத்தி எதிர்வாதம் செய்தது. பாட்டில் மூடி சின்னது, மெல்லியது, சீக்கிரம் ஊறும். கதவு வளையம் கெட்டியானது. போல்ட் போட்டு இறுக்கியது. இன்றைக்குப் பூராவும் தாங்கினாலும் தாங்கும். எல்லார் முன்னாலும் போய்க் கத்திவிட்டு, கதவு காய்ந்து கிடந்தால்? ப்ளாண்ட் வாசலில் மொபைலை வைக்கச் சொல்லி வாட்ச்மேன் நிறுத்தியபோது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது.

உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறியது. நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே வாசம்.

"சுகுணன் சார்! சார், கதவு ரப்பர் தப்பான ரகம். இதைப் பாருங்க. அதே ஷீட்ல வெட்டினது."

சுகுணன் சார் முதலில் ஜெர்மன்காரரைப் பார்த்தார், பிறகு வாஷரை, பிறகு அவளை.

"மெதுவாப் பேசும்மா. அசெட்டோனுக்குன்னு சொல்லித்தான் வாங்கினது. ஸ்டோர்ல எடுத்துக் குடுத்ததைத்தான் போட்டிருக்கு."

"ஸ்டோர்ல ரெண்டு ரகமும் கறுப்புதானே சார். மாத்திக் குடுத்திருந்தா?"

"அசெட்டோன் ஓடுற இடத்துல அசெட்டோன் வாசம் வரத்தான் செய்யும். விருந்தாளி போகட்டும், போல்ட்டை ஒரு சுத்து இறுக்கிக்கலாம்."

"ஊறின ரப்பரை இறுக்கினா பிதுங்கித்தான் வெளியே வரும் சார்!"

அவள் குரல் கிறீச்சிட்டது. கீழே, கதவுக்கு அடியில் இருந்த மேடையில் பேசில் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அவனுக்கு மேலே அந்தக் கதவு. அதற்கு மேலே வெதுவெதுப்பான அசெட்டோன், ஒரு கிணறு அளவுக்கு. ஒரு பொறி போதும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு வந்த பிறகு சுகுணன் சாரின் சம்மதத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானின் கண்ணாடியைக் கைமுட்டியால் இடித்து அழுத்தினாள்.

அபாய மணி ஊரைக் கூட்டியது. எல்லாரும் வாசலை நோக்கி ஓடினார்கள். முதலாளி ஜெர்மன்காரரின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தொட்டியைச் சூடாக்கும் நீராவியை அடைத்தாயிற்று. ஆனால் தொட்டிக்குள் இருப்பது இருக்கிறபடியே இருந்தது. அதை நிலத்தடி டேங்குக்கு இறக்கினால்தான் ஆபத்து தீரும். இறக்கும் வால்வு இருந்தது கதவுக்கு அடியில். கையால் சுற்றித் திறக்க வேண்டிய பழைய வால்வு.

"இச்சாயா, வெளியே வாங்க!"

"எல்லாரும் வெளியே போனா யாருடி இதைத் திறக்கறது?" பேசில் மேலே பார்த்தபடியே கத்தினான். "சொட்ட ஆரம்பிச்சிருச்சு. நீ போ!"

அவளும் பார்த்தாள். கதவு விளிம்பில் கறுப்பாக ஏதோ நாக்கு நீட்டியிருந்தது. அதிலிருந்து பழுப்புத் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. முதலில் தனித்தனியாக. பிறகு நூல் பிடித்தாற்போல.

தீயணைப்புக் குழாயோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். வாசலிலிருந்து சுகுணன் சார் கையை வீசி அவர்களைத் தடுத்தார்.

"தண்ணி விடாதீங்க! தண்ணி மேல மிதந்து ஓடையில போயிரும்! ஊரே எரிஞ்சிரும்! நுரை கொண்டு வாங்க!"

இத்தனை வருஷப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அதுதான். அவர் சொன்னதில் தப்பில்லை. ஹெக்சேன் தண்ணீரோடு சேராது. மிதந்துகொண்டே எங்கே வேண்டுமானாலும் போகும்.

"இது ஹெக்சேன் இல்ல சார்!" லிஜி குழாய்க்காரன் சட்டையைப் பிடித்தாள். "அசெட்டோன் தண்ணியில கரையும். எவ்வளவு தண்ணி சேருதோ அவ்வளவு அது தீப்பிடிக்கிற வேகம் குறையும். அடிங்க! அவர் மேலயே அடிங்க, தரையில அடிங்க, நிறுத்தாதீங்க! வெளி ஓடையோட ஷட்டரை மட்டும் இறக்கச் சொல்லுங்க!"

குழாய்க்காரன் சுகுணன் சாரைப் பார்த்தான். அவர் வீசிய கையை இறக்கினார். பிறகு, "அந்தப் பொண்ணு சொல்றபடி செய்" என்றார்.

தண்ணீர் சீறியது. பேசில் அதற்குள் மறைந்துபோனான். யாரோ லிஜியின் கையைப் பிடித்து இழுத்து வெளியே, ரப்பர் மரங்களுக்கு அடியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேதான் எல்லாரும் கூடி நின்றார்கள். ரசியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

முதலாளி பக்கத்தில் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மோளே, உனக்கு நிச்சயமாத் தெரியுமா, தண்ணி விடலாம்னு?"

"கரையும்னு தெரியும் முதலாளி. போதுமான அளவு தண்ணி போய்ச் சேருதான்னு தெரியாது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே தண்ணீர் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த இரைச்சலுக்குள் 'பக்'கென்று ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று லிஜி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொள்ளவும் பார்த்தாள். நான் சும்மா இருந்திருக்கலாமே என்று நினைத்தாள். காரம் இல்லாத இஞ்சியை விற்றுக்கொண்டு, ஜெர்மன்காரன் வேண்டாமென்றால் வேறொருத்தனுக்கு விற்றுக்கொண்டு இருந்திருக்கலாமே. குடுவைக்குள் எது நல்லது என்று மட்டும்தானே பார்த்தேன். குடுவைக்கு வெளியே ஒரு ஆள் நிற்பான் என்று ஏன் எனக்கு உறைக்கவில்லை? உறைத்ததுதான். கேட்டேன்தான். சிரித்தார்கள், விட்டுவிட்டேன்.

நேரம் போனதே தெரியவில்லை, போகாதது போலவும் இருந்தது. ஒரு கட்டத்தில் ஜோய் தரையில் குந்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

பிறகு வாசலில் ஒரு உருவம் தெரிந்தது. தலை முதல் கால் வரை நனைந்து, கண் இரண்டும் செக்கச்செவேலென்று, தள்ளாடிக்கொண்டு பேசில் வந்தான். குழாய்க்காரர்கள் பின்னால் வந்தார்கள்.

"டேங்குக்கு இறங்கிருச்சு" என்றான். "கொஞ்சம்தான் தரையில போச்சு. அது தண்ணியோட குழியில நிக்குது." சொல்லிவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

லிஜி அவன் முதுகைத் தடவினாள். 

வாயுவெல்லாம் அடங்கிய பிறகு கதவைத் திறந்து வளையத்தை வெளியே எடுத்தார்கள். பள்ளத்தில் உட்கார வேண்டியது, பள்ளத்துக்கு இரண்டு மடங்காகப் பருத்துத் தொங்கியது. ஒரு ஓரத்தில் பிளந்திருந்தது. சுகுணன் சார் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எவன்டா இதை வெட்டிப் போட்டது?" என்று முதலாளி உறுமினார். ஜோய் எழுந்து நின்றான்.

"அவனைச் சொல்லாதீங்க முதலாளி" என்றாள் லிஜி. "ரெண்டு ஷீட்டும் ஒரே கறுப்பு, ஒரே கனம். பாத்து யாராலயும் சொல்ல முடியாது. ஊறவச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஊறவச்சுப் பாருங்கன்னு யாரும் அவன்கிட்ட சொல்லல. நானும் சொல்லல."

"நான் சொல்லியிருக்கணும்" என்றார் சுகுணன் சார். அவர் குரல் அடங்கிப் போயிருந்தது. "அந்தப் பொண்ணு கேட்டப்ப நான் சிரிச்சேன்."

சாயங்காலம் வீட்டில் பேசில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அசெட்டோன் கையிலிருந்த எண்ணெய்ப் பசையையெல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தது. விரல்கள் சாம்பல் பூத்து வெடித்திருந்தன. லிஜி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஒவ்வொரு விரலாகத் தடவினாள்.

"வெளியே வாங்கன்னு சொன்னப்ப வந்திருந்தா என்ன?" என்றாள் திடீரென்று. அதுவரை அடக்கியதெல்லாம் கோபமாக வந்தது. "வீரம் காட்டினீங்களா? உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"வீரமா? அடியே, வால்வு பாதியில இறுகிக்கிச்சு. சுத்துறேன், நகரல. தண்ணி மூஞ்சில அடிக்குது, கண்ணு தெரியல.  ஓடிடலாம்னு திரும்பினேன். படி எந்தப் பக்கம்னு தெரியல. சரி, கையில வால்வாவது இருக்கேன்னு அதையே பிடிச்சுச் சுத்தினேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு கோணியது. "இதை வெளியே சொல்லிடாதே. பயலுங்க என்னை ஹீரோங்கறானுங்க."

அவள் அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஜெர்மன்காரர் போகும்போது அந்தச் சாம்பிளைக் கேட்டு வாங்கிப் போயிருந்தாராம். இன்னும் வேண்டும் என்கிறாராம். "மோளே, நீயே சொல்லு. ஹெக்சேனுக்கே போயிரலாமா? போயிரலாம்னு சொன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

ராத்திரியெல்லாம் அவள் தனக்குள் சொல்லிப் பார்த்த பதில், போயிரலாம் என்பதுதான். இப்போது வாயில் வந்தது வேறு.

"இஞ்சிக்கு அசெட்டோன்தான் சரி முதலாளி. ஆனா ப்ளாண்ட்ல இருக்கற ஒவ்வொரு ரப்பர்லயும் ஒரு துண்டு முதல்ல என் லேபுக்கு வரணும். ஊறவச்சு, அளந்து பாத்துட்டுத்தான் மாட்டணும். அந்த வால்வை மேலருந்தே திறக்கற மாதிரி மாத்தணும். அது வரைக்கும் தொட்டியில ஒரு சொட்டு விடக்கூடாது."

"சுகுணன் சார் என்ன சொல்றீங்க?"

"அவ சொல்றதுதான்" என்றார் அவர்.

எல்லாம் மாற்றி முடிக்க ஓணம் தாண்டிவிட்டது. மறுபடி ஓட்டிய அன்று லிஜி லேபில் உட்காரவில்லை. ப்ளாண்டில், கதவு தெரிகிற இடத்தில் நின்றாள்.  வாசம் வந்துவிட்டதோ என்று நொடிக்கொரு தரம் மூக்கை உறிஞ்சினாள். கதவைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டச் சொல்லியிருந்தாள், ஒரு துளி கசிந்தாலும் பழுப்பாகத் தெரியும் என்று. மேல்தளத்தில் புது வால்வின் அருகே நின்ற பேசில் அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

"என்னடி, நாள் பூரா அந்தத் துணியவே பாத்துக்கிட்டு நிப்பியா?"

"ஆமா, நிப்பேன். உங்களுக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சாப்பாட்டுக்காவது வருவியான்னு கேட்டேன். கேன்டீன்ல இன்னைக்குக் கப்பைக்கிழங்கும் மீன் கறியும்."

சத்து முழுக்க இறங்கி, அசெட்டோன் தன் டேங்குக்குத் திரும்பும் வரை அவள் அங்கேயேதான் நின்றாள். துணி வெள்ளையாகவே இருந்தது. சுகுணன் சார் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார். அவள் அதில் உட்கார்ந்து, கேன்டீனில் கப்பை இன்னும் மிச்சம் இருக்குமா என்று மேலே நின்ற பேசிலைக் கேட்டாள்.